‘ஒருத்திக்கு என்ன பெரிய சமையல்?’ – வாசகர் கேள்வி பதில்

கணவரை இழந்த மூத்த பெண்களின் உடல்நலம் பற்றிக் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே. பெயரைப் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி: ஆத்தாவுக்கு 71 வயது. அப்பச்சி (அப்பா) தவறி எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் தனியாக இருக்கிறார். 58 கிலோ இருந்தவர் 51 ஆகிவிட்டார். கேட்டால், ‘நல்லாத்தான் சாப்புடுறேன், ஒருத்திக்கு என்ன பெரிய சமையல்?’ என்கிறார். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், பிரஷருக்கு ஒரு மாத்திரை, எல்லாம் பழையபடியே போகிறது. போன வாரம் விடிகாலையில் உடம்பெல்லாம் வேர்த்து, பேச்சு குழறியிருக்கிறது. வேலைக்கு வரும் அம்மா பார்த்து, சர்க்கரை போட்டுக் காபி கொடுத்த பிறகு தெளிந்தாராம். எல்லாம் துக்கத்தினால்தானா?
– கண்டனூர் (மகள், சென்னையிலிருந்து)

பதில்: துக்கம்தான். ஆனால் அது அடுப்படி வழியாக உடம்புக்குள் வந்திருக்கிறது.

முதலில் அந்த விடிகாலை. வேர்த்து, குழறி, இனிப்புக் காபியில் தெளிந்தது என்றால் ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கிளிமிபிரைடு, நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். அப்பச்சி இருந்தபோது மூன்று வேளைச் சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்த்து எழுதிய அளவு அது. இப்போது ராத்திரிக்கு ஒரு டம்ளர் மோரோடு படுக்கிறவருக்கு அதே மாத்திரை கூடுதல் அளவாகிவிட்டது. மெட்ஃபார்மின் தனியாக இந்த வேலையைச் செய்வது அபூர்வம். இந்த வாரமே மருத்துவரிடம் போய், ‘7 கிலோ இளைத்திருக்கிறார், ராத்திரி சரியாகச் சாப்பிடுவதில்லை, ஒருமுறை சர்க்கரை இறங்கியது’ என்று இந்த மூன்றையும் சொல்லுங்கள். கிளிமிபிரைடைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். தனியாக இருக்கும் வயதானவருக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.5, 8 வரை இருந்தால்கூடப் பரவாயில்லை என்று பல மருத்துவர்கள் விடுவார்கள். 6.5-க்காகப் பாடுபட்டு விடிகாலையில் விழுவதைவிட அது மேல்.

மறுபடி அப்படி ஆனால்: குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியதும் இட்லியோ சோறோ கட்டாயம் சாப்பிட வேண்டும். இந்த மாத்திரையின் வேகம் பல மணி நேரம் இருப்பதால் இனிப்பு மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் திரும்பவும் இறங்கும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறும். 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை டப்பா அடுப்படியில் இருந்தால் போதாது, தலைமாட்டிலும் ஒன்று இருக்கட்டும்.

இனி இளைப்பு. ஆறிலிருந்து 12 மாதத்துக்குள் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே காரணம் தேட வேண்டும். ஆத்தாவுக்கு 12 சதவீதம் போயிருக்கிறது. தைராய்டு, ரத்த அணுக்கள், கிரியாட்டினின், நெஞ்சு எக்ஸ்ரே பார்த்துவிடுங்கள். பல்செட் இருந்தால் கழற்றி மாட்டச் சொல்லிப் பாருங்கள். இளைத்தால் செட் தளர்ந்து ஈறைக் குத்தும். அதற்குப் பயந்தே சுண்டலையும் காயையும் விட்டுவிட்டுக் கஞ்சியோடு நின்றவர்கள் உண்டு.

எப்படிச் சாப்பிடுகிறார் என்று போனில் கண்டுபிடிக்க ஒரு வழி: ‘சாப்டீங்களா’ என்று கேட்காதீர்கள், அதற்கு எப்போதும் ‘ஆச்சு’தான் பதில். ‘இன்னைக்கு என்ன குழம்பு? எப்ப வச்சது?’ என்று கேளுங்கள். இன்னொன்று, சிலிண்டர் பதிவான தேதிகளைப் பாருங்கள். இரண்டு பேருக்கு 40 நாள் வந்த சிலிண்டர் ஒருவருக்கு 60, 70 நாள் வரலாம். ஐந்து மாதம் வருகிறதென்றால் அந்த வீட்டில் சமையலே நடக்கவில்லை.

நடப்பது பெரும்பாலும் இதுதான்: ஒரு தடவை புளிக்குழம்பு வைத்து, மூன்று நாள் சுண்டச் சுண்டச் சூடுபண்ணி, சோறு, வத்தல், மோர் மிளகாயோடு ஓட்டுவது. சுண்டச் சுண்ட உப்பு ஏறும். புரதம் கிட்டத்தட்ட இல்லை. மகனுக்குக் கல்யாணமானதும் ‘வேறு வைக்கிற’ வழக்கம் உள்ள ஊர் இது. ஒரே வளவில் (முற்றம் வைத்த பெரிய வீட்டில்) நாலு குடும்பம் இருந்தாலும் நாலு அடுப்பு. மூத்தவர் அடுப்பு பற்றவைக்காவிட்டால் அடுத்த கட்டில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

51 கிலோவுக்கு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். காலையில் இடியாப்பமும் 200 மி.லி. பாலும் 9 கிராம், ஒரு முட்டை 6. மதியம் 75 கிராம் அரிசிச் சோறு, 30 கிராம் பருப்பு, 100 மி.லி. தயிர் சேர்ந்து 16. சாயங்காலம் 40 கிராம் கடலையை ஊறவைத்துக் குழைய வேகவைத்த சுண்டல் 8. ராத்திரி மூன்று இட்லி 6, படுக்கும்போது 150 மி.லி. பால் 5. ஐம்பது வந்துவிட்டது. முட்டை ஆகாதவர்கள் 25 கிராம் தோல் உளுந்தை வறுத்துப் பொடித்து உப்புக் கஞ்சியாகக் குடிக்கலாம். உளுந்தும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டுகிற கும்மாயம் நல்ல பண்டம்தான், ஆனால் ‘கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது’ என்பது பொய், ஏற்றும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவர் சொல்லும் அளவுதான்.

பட்டியலைக் கொடுத்தால் ஆத்தா சமைத்துவிடுவார் என்று நம்ப வேண்டாம். ஐம்பது வருடம் இன்னொருவர் பசிக்குச் சமைத்த கை, தனக்கென்று எழாது. மதியச் சாப்பாட்டை மட்டுமாவது யாரோடாவது சேர்த்துவிடுங்கள்: பக்கத்துக் கட்டு, ஒன்றுவிட்ட அண்ணமிண்டி (அண்ணி) வீடு, இல்லையென்றால் வேலைக்கு வரும் அம்மாவுக்கும் சேர்த்து ஆத்தாவே சமைக்கிற ஏற்பாடு. கடைசியில் சொன்னதுதான் அதிகம் பலிக்கிறது. சாப்பாட்டு கேரியர் ஏற்பாடு பண்ணினால், பாதியை ராத்திரிக்கு எடுத்து வைத்து ராத்திரியும் அதைத் தொடாமல் விடுவார்கள்.

கேள்வி: எனக்கு 66 வயது. அவுக போனதிலிருந்து வெள்ளி, சஷ்டி, கார்த்திகை, ஏகாதசி என்று விரதம் கூடிவிட்டது. தைராய்டு, சர்க்கரை, பிரஷர் மூன்றுக்கும் மாத்திரை உண்டு. விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது?
– பள்ளத்தூர்

பதில்: விரதத்தை விடச் சொல்லவில்லை, தண்ணீர்கூடக் குடிக்காத விரதத்தை மட்டும் விட்டுவிடுங்கள் ஆச்சி. தைராய்டு மாத்திரையை எல்லா நாளும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடலாம். விரதத்துக்கு அது தோஷமில்லை. அதோடு கால்சியம், இரும்புச்சத்து மாத்திரையைச் சேர்க்காதீர்கள். நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும், இல்லையென்றால் தைராய்டு மருந்து உடம்பில் சேராது. மெட்ஃபார்மினைப் பலகாரம் சாப்பிடும் வேளைக்குத் தள்ளுங்கள். சீட்டில் ‘கிளி’ என்று ஆரம்பிக்கும் பெயர் இருந்தால் விரத நாள் அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். ‘...கிளிஃப்ளோசின்’ என்று முடிகிற மாத்திரை என்றால் பட்டினியோடு சேரவே கூடாது. சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறி, குமட்டல், வயிற்றுவலி, மூச்சிரைப்பில் கொண்டுபோய் விடும். பிரஷர் மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து கலந்திருந்தால், தண்ணீர் குடிக்காத நாளில் எழுந்ததும் கண்ணை இருட்டும்.

கேள்வி: மாமியாருக்கு 74. மாமா போன பிறகு உள்ளறையில் தூக்கம் வரவில்லை என்று வளவுப் பத்தியில் (முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில்) பாய் விரித்துப் படுக்கிறார். ராத்திரி மூன்று தடவை பின்கட்டுக்குப் போகிறார். போன மாதம் நிலைப்படி தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. தூக்கத்துக்கு அல்ப்ரசோலம் போடுகிறார். பழைய வீடு, இடிக்கவும் மனமில்லை. என்ன மாற்றலாம்?
– கானாடுகாத்தான்

பதில்: வீட்டை இடிக்க வேண்டாம். ராத்திரி அவர் நடக்கிற வழியைச் சுருக்குங்கள்.

மணிக்கட்டு முறிவு எலும்பு தேய்ந்திருப்பதற்கான முன்னறிவிப்பு. அடுத்தது இடுப்பாக இருக்கலாம். எலும்பு அடர்த்திச் சோதனையைக் கேட்டு எடுங்கள். கட்டுப் போட்டுவிடுகிற இடத்தில் அதை யாரும் தானாகச் சொல்வதில்லை.

பாயிலிருந்து எழுவதே பாதி ஆபத்து. முழங்கால் உயரத்தில், சுமார் 18 அங்குலத்தில், பின்கட்டுக்கு அருகில் ஒரு கட்டில் போடுங்கள். உள்ளறைக்கு வரமாட்டார், வற்புறுத்த வேண்டாம். கட்டிலருகே ராத்திரிக்கு மட்டும் கைப்பிடி வைத்த கமோடு நாற்காலி. ‘வளவிலா?’ என்பார், ஒரு மடக்குத் தட்டி மறைப்பு போதும்.

நிலைப்படி: ஆறு அங்குல உயரத்துக்குச் சரிவுப்பலகை போடுவதென்றால் ஆறடி நீளம் வேண்டும், இடம் வராது. அதற்குப் பதில் இரண்டு பக்கமும் மூன்று அங்குல உயரத்தில், ஒரு பாதம் முழுதாக ஊன்றுகிற அளவு, 12 அங்குல அகலப் படிக்கட்டை. ஆடாமல் தரையோடு பொருந்த வேண்டும். விளிம்பில் மஞ்சள் பெயின்ட் ஒரு கோடு. இருட்டில் தேக்கும் கருங்கல்லும் ஒரே நிறம். புரை விழுந்த கண்ணுக்குப் பகலிலும் அப்படித்தான்.

கைப்பிடிக் கம்பி தரையிலிருந்து 85–90 செ.மீ. உயரத்தில். இங்கே கொத்தனார் ஒரு தப்புப் பண்ணுவார். நம் சுவர்களில் சுண்ணாம்புப் பூச்சு அடுக்கடுக்காகக் கனமாக இருக்கும். சாதாரணத் திருகு பூச்சோடு நின்றுவிடும். பார்க்க உறுதியாகத் தெரியும், விழப்போகிறவர் பிடித்து இழுக்கும்போது பூச்சோடு பெயர்ந்து வரும். செங்கல்வரை இறங்குகிற நீள ஆங்கர் போல்ட் கேளுங்கள். மாட்டிய பிறகு வீட்டிலேயே கனமான ஆள் தொங்கிப் பார்க்கட்டும்.

ஆத்தங்குடிக் கல்லைப் பளபளப்புக்காக எண்ணெய்த் துணி போட்டுத் துடைப்பது அவர் நடக்கிற பாதையில் மட்டுமாவது நிற்கட்டும். அங்கே சின்ன மிதியடிகளும் வேண்டாம்.

அல்ப்ரசோலத்தைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் போட்டவருக்குப் படபடப்பு, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரும். மருத்துவர் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார். படுத்திருக்கும்போது ஒரு பிரஷர், எழுந்து மூன்று நிமிடத்துக்குள் ஒரு பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 இறங்கினால் பிரஷர் மாத்திரையைத் திருத்த வேண்டும். மூன்று தடவை எழுவதற்குக் காரணம் சர்க்கரையா, சிறுநீர்த் தொற்றா, சாயங்காலக் காபியா என்று பாருங்கள். தண்ணீரை அடியோடு நிறுத்திவிடக் கூடாது. பகலில் ஒன்றரை லிட்டர், இரவு ஏழுக்கு மேல் வாய் நனைக்க மட்டும்.

கேள்வி: 63 வயது. தீட்டு நின்று 12 வருடம். அவர் போய் ஐந்து வருடம். இரண்டு மாதமாக உள்ளாடையில் லேசாக ரத்தக்கறை. மருமகளிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ‘புருஷன் இல்லாதவளுக்கு கர்ப்பப்பை டாக்டர் எதற்கு’ என்று நினைப்பார்களோ?
– தேவகோட்டை

பதில்: இந்த இதழ் கையில் இருக்கும்போதே கிளம்புங்கள் அம்மா. தீட்டு நின்று ஒரு வருடம் கழித்து ஒரு துளி பட்டாலும் பார்த்தே ஆக வேண்டும். பத்தில் ஒருவருக்கு அது கர்ப்பப்பைப் புற்றாக இருக்கிறது. மீதிப் பேருக்குச் சுவர் வறண்டு மெலிந்தது, சதை வளர்ச்சி போன்ற சின்னக் காரணங்கள்தான். புற்றாகவே இருந்தாலும் ரத்தம் காட்டிய உடனே வந்தவர்களில் பெரும்பாலோர் அறுவைச் சிகிச்சையோடு குணமாகிறார்கள். காத்திருப்பதுதான் கெடுதல்.

என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பயம் குறையும். முதலில் மருத்துவர் உள்ளே பார்ப்பார். பிறகு ஸ்கேன்: உட்சுவரின் கனம் 4 மி.மீ. வரை இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. அதற்கு மேல் இருந்தாலோ, கசிவு மறுபடி வந்தாலோ மெல்லிய குழாயால் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். கர்ப்பப்பை வாய்க்கும் ஒரு சோதனை. அந்த வாய்ப் புற்றுக்குக் காரணமான ஹெச்.பி.வி. கிருமி பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு வேலையைக் காட்டக்கூடியது. ஆகவே கணவர் இல்லாததும் தாம்பத்தியம் நின்றதும் விதிவிலக்கு ஆகாது.

கூட்டமான இடத்தில் சீட்டு எழுதும்போது விவரம் சொல்ல வேண்டியதில்லை. ‘பெண்கள் நோய்ப் பிரிவு, தீட்டு நின்ற பிறகு ரத்தம்’ என்று ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். கறை பட்ட தேதிகளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாத மாத்திரை போடுகிறவர் என்றால் அதையும் எழுதுங்கள், ஆனால் ‘அதனாலதான் ரத்தம்’ என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அரிசி ஆலையில் வேலை பார்த்தேன். வயது 61. வீட்டுக்காரர் இறந்த பிறகு அவருடைய பிரஷர் மாத்திரை (அட்டெனலால்) மூன்று அட்டை மிச்சம். எனக்கும் பிரஷர் என்று சொன்னார்கள். காசு போட்டு வாங்கியது, வீணாக்குவானேன் என்று போடுகிறேன். இப்போது மூச்சு இழுப்பு அதிகமாக இருக்கிறது.
– புதுவயல்

பதில்: அட்டையின் பெயரை எழுதியிருக்கிறீர்கள், அது அட்டெனலால். தவிட்டுத் தூசியிலேயே வேலை பார்த்து இழுப்பு உள்ளவருக்கு இந்த வகை மாத்திரை மூச்சுக்குழாயை இன்னும் இறுக்கும். நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அட்டையோடு போங்கள். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் நாளைவரை காத்திருக்காமல் 108. சிலகாலமாகப் போடுவதால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாமல், அங்கே சொல்லி மாற்றி வாங்குங்கள்.

நோய் ஒன்றுதான், மருந்து ஒன்றல்ல. போனவருடைய மாத்திரைகளைப் பதினாறாம் நாள் வேலைகளோடு சேர்த்து அப்புறப்படுத்திவிடுவது எல்லோருக்கும் நல்லது. அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் அந்த டப்பா இருக்கிறவரை கை அங்கேதான் போகும்.

உங்களுக்குக் காசு செலவாக வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும், பதிவு செய்துகொள்ளுங்கள். ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய். கணவர் இறப்புச் சான்று, ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகத்தோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பம். இறப்புச் சான்றில் பெயர் எழுத்து ஆதாரோடு ஒத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பல மனுக்கள் அங்கேதான் மாட்டுகின்றன. 70 வயது ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவுக்கு ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையும் உண்டு.

கேள்வி: ஐயா (தாத்தா) இறந்த மூன்றாம் நாள் ஆயாவுக்கு (பாட்டிக்கு) நெஞ்சை அடைத்தது. ‘அழுத அழுகைக்கு அப்படித்தான் இருக்கும்’ என்று சோடா கொடுத்தார்கள். சரியாகிவிட்டது. விட்டுவிடலாமா?
– காரைக்குடி

பதில்: கூடாது. இன்றே ஈ.சி.ஜி., எக்கோ எடுங்கள். துணை போன முதல் சில மாதங்களில் இருப்பவருக்கும் மாரடைப்பு, மரண ஆபத்து கூடுகிறது என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம். அதிர்ச்சியில் இதயத்தின் அடிப்பகுதி பலூன் மாதிரி உப்பித் தளர்கிற ‘டகோட்சுபோ’ என்ற நோயை 1990-ல் ஜப்பானில் விவரித்தார்கள். வருவது பெரும்பாலும் தீட்டு நின்ற பெண்களுக்கு. ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு மாதிரியே இருக்கும், குழாய்களில் அடைப்பு இருக்காது. எது என்று வீட்டில் இருந்து சொல்ல முடியாது. துக்க வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்தால் சோடா வேண்டாம், வண்டியைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: அப்பத்தா ஒரு வருடமாக எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில்லை, தலை வாருவதில்லை. கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால், ‘நான் இனி அரைப்புள்ளிதானே, நல்ல காரியத்துல என்னத்துக்கு’ என்கிறார். இது துக்கமா, நோயா?
– கோட்டையூர் (பேத்தி)

பதில்: துக்கம் அலை மாதிரி. நடுவே பேத்தியைப் பார்த்தால் முகம் மலரும், பழைய கதை பேசுவார். மனச்சோர்வில் அந்த இடைவெளி இருக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், விடிகாலை மூன்றுக்கே விழித்துக்கொண்டு, ‘நான் பாரம்’ என்று சொன்னால் சிகிச்சை வேண்டும். ‘செத்துப்போகலாம்னு தோணுதா அப்பத்தா?’ என்று நேராகக் கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, மறைத்து வைத்தவர் சொல்ல வழி கிடைக்கும். ஆமென்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். 14416 டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம்.

தம்பதி ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப்புள்ளி என்கிற நகரத்தார் புள்ளிக் கணக்கு கோயில் வரிக்கு ஏற்பட்டது. அதை ஆளை அளக்க எடுத்துக்கொண்டது நம் வீட்டுப் பேச்சு. கூப்பிடும்போது ‘வர்றீகளா’ என்று கேட்டால் ‘இல்லை’தான் வரும். ‘மனையில கோலம் தப்பாயிடும், நீங்க பக்கத்துல இருந்து சொல்லணும்’ என்று வேலையோடு கூப்பிட்டு, வண்டியை வாசலுக்குக் கொண்டுபோங்கள். காது மந்தமா, கண்ணில் புரையா என்றும் பார்த்துவிடுங்கள். கூட்டத்தில் பேச்சு புரியாததால் ஒதுங்குகிறவர்கள், அதைச் சொல்ல வெட்கப்பட்டு சாஸ்திரத்தைச் சாக்குச் சொல்வதுண்டு.

கேள்வி: அம்மாவுக்கு எலும்புக்காக வாரம் ஒன்று 60,000 யூனிட் வைட்டமின் டி. அப்பா வாங்கிக் கொடுத்து ஆரம்பித்தது, ஒன்றரை வருடமாகப் போகிறது. தொடரலாமா?
– ஆத்தங்குடி

பதில்: நிறுத்துங்கள். வாரம் ஒன்று என்பது பொதுவாக எட்டு வாரத்துக்கு. அதன் பிறகு மருத்துவர் சொன்னால் மாதம் ஒன்று. நிறுத்தச் சொல்ல வேண்டியவர் போய்விட்டதால் இது ஓடிக்கொண்டிருக்கிறது. ரத்தத்தில் கால்சியம், கிரியாட்டினின், வைட்டமின் டி மூன்றையும் பாருங்கள். அடங்காத தாகம், மலச்சிக்கல், வாந்தி, குழப்பம் ஏதாவது இருந்தால் நாள் கடத்தாமல் போங்கள். கால்சியம் மாத்திரையும் சேர்த்துப் போடுகிறவர் என்றால் அதையும் சோதனை முடிவு வரும்வரை எடுத்து வையுங்கள்.